கர்தினால் மெசோபாந்தி அறிஞரா, பல மொழி பேசியவர் மட்டுமா?

ஏட்டுக்கட்டு: ஜுசெப்பே மெசோபாந்தியை (1774-1849) கீழைமொழிப் பேரறிஞர் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். இத்தாலியின் பொலோனா நகரில் அரபுப் பேராசிரியர், 1833 முதல் வத்திக்கான் நூலகத்தின் தலைமைக் காப்பாளர், 1838இல் கர்தினால், எல்லாம் சரி. எழுதியது என்ன? இலக்கணம் இல்லை, அகராதி இல்லை, தன் ஆசிரியரைப் பற்றிய ஒரு புகழுரையைத் தவிர அச்சில் சொல்லும்படி எதுவும் இல்லை. அதே நூலகத்தில் அவருக்கு முன் காப்பாளராக இருந்த ஆஞ்செலோ மாய், எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே வேறு நூல் எழுதியிருந்த தோல் ஏட்டிலிருந்து சிசரோவின் 'குடியரசு' நூலை மீட்டு 1822இல் பதிப்பித்தார். அறிஞர் என்றால் அவர்.

தெற்குவாசல்: அண்ணா, அந்த ஆள் எந்தக் காலத்தில் வாழ்ந்தார் என்றும் பாருங்கள். தச்சர் மகன். 1797இல் குருப்பட்டம், அதே ஆண்டில் அரபுப் பேராசிரியர் பதவி, உடனே வட இத்தாலியில் நெப்போலியன் அமைத்த சிசால்பைன் குடியரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டேன் என்று சொல்லி அந்தப் பதவியையும் இழந்தார். பிள்ளைகளுக்குத் தனியாகப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பெற்றோரையும் அக்காள் குடும்பத்தையும் காப்பாற்றினார். அப்புறம் கிடைத்த கீழைமொழிப் பதவியும் 1808இல் போனது. இதற்கு நடுவில் பொலோனா மருத்துவமனைகளில் ஹங்கேரி, ஜெர்மானிய, ஸ்லாவிய வீரர்கள் காயம்பட்டுக் கிடந்தார்கள், அவர்கள் பேசுவது அங்கே யாருக்கும் புரியவில்லை. பரலோக மந்திரத்தையும் பத்துக் கட்டளையையும் அவரவர் மொழியில் சொல்லச் சொல்லிக் கேட்டு, அதிலிருந்தே சொல்லையும் இலக்கணத்தையும் பிரித்தெடுத்து, பாவசங்கீர்த்தனம் கேட்கிற அளவுக்குக் கற்றுக்கொண்டார். இதைப் புலமை இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?

ஏட்டுக்கட்டு: அது பெரிய தொண்டு, நான் மறுக்கவே இல்லை. ஆனால் 1814க்குப் பிறகு பதவி திரும்பக் கிடைத்தது, 1831இல் ரோமுக்குப் போனார், சாகும்வரை வசதிக்குக் குறைவில்லை. அந்த 35 ஆண்டு? பார்மாவில் தே ரோஸ்ஸியும் குருவானவர்தான், எபிரேய விவிலியக் கையெழுத்துப் படிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளை 1784-88இல் நான்கு தொகுதிகளாகப் போட்டார். இன்றும் ஆய்வாளர்கள் அதைத் திறக்கிறார்கள்.

மணல்மேடு: அவருக்கு 72 மொழி தெரியும் என்கிறார்களே, எனக்கு அந்தக் கணக்கிலேயே சந்தேகம் உண்டு. இத்தாலியை விட்டு வெளியே போகாதவர்!

தெற்குவாசல்: 72 என்பது அரைகுறையாகப் பேசியவற்றையும் புத்தகத்தில் மட்டும் படித்தவற்றையும் சேர்த்த கணக்கு. 1858இல் அவர் வாழ்க்கையை எழுதிய ரஸ்ஸல், அவரோடு பேசிப் பார்த்தவர்களின் சாட்சியத்தை ஒவ்வொன்றாகச் சேர்த்து, நன்றாகச் சோதிக்கப்பட்டவை 30 என்று தனியாகப் பிரிக்கிறார். வெளியே போக வேண்டிய தேவையும் இல்லை, மறைபரப்புக் குருக்களைப் பயிற்றுவிக்கும் ரோமின் புரொபகாந்தா கல்லூரிக்குப் பல நாட்டு மாணவர்கள் வந்தார்கள், அவர்களோடுதான் மாலை நேரமெல்லாம். அவருடைய தாள்கள் பொலோனாவின் அர்க்கிஜின்னாசியோ நூலகத்தில் இருக்கின்றன. அச்சில் வந்ததை மட்டும் எண்ணினால் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததற்கு மதிப்பே இல்லையா?

ஏட்டுக்கட்டு: நிச்சயம் உண்டு தம்பி. அப்படியானால் அவரிடம் படித்து, அந்தப் பாடத்தை வைத்து ஒரு மொழியாய்வை எழுதிய ஒரு மாணவர் பெயரைச் சொல்லுங்கள், என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.