விடியல் வானத்தின் நடுவில் சாம்பல் நிறம்: வழி சொல்லுங்கள்

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். இலங்கையின் சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணியில் யாத்திரிகர்கள் தங்கும் விடுதி ஒன்றுக்கு இணையத்தளம் அமைக்கிறேன். டிசம்பர் போயாவுடன் (பௌர்ணமி) மலை யாத்திரைப் பருவகாலம் தொடங்குவதால் அவசரம்.

முகப்பின் பின்னணியில் உச்சியிலிருந்து காணும் விடியல் வேண்டும்; மேலே நீலம், கீழே மஞ்சள். சிஎஸ்எஸ் (இணையப் பக்கத் தோற்றத்தை எழுதும் மொழி) லீனியர் கிரேடியன்ட், அதாவது நேர்கோட்டில் மாறும் நிறக்கலவை, ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) எண்களை அப்படியே கலக்கிறது. 0, 0, 255 என்ற நீலமும் 255, 255, 0 என்ற மஞ்சளும் பாதிவழியில் வெறும் சாம்பலாகிவிடுகின்றன. அந்த வானத்தைப் பார்த்தவர்களுக்கு இது பொறுக்காது!

ஒளிர்வு, செறிவு, நிறக்கோணம் என்று நிறத்தைக் குறிக்கும் ஓகேஎல்சிஎச் நிறவெளியில் கலந்தால் சாம்பல் மறைகிறது, ஆனால் நிறவட்டத்தின் குறுகிய வழியில் பச்சை புகுந்துவிடுகிறது. 'லாங்கர் ஹியூ' (வட்டத்தின் நீண்ட வழி) என்று கொடுத்தால் ஊதா, சிவப்பு, செம்மஞ்சள் வழியாக வருகிறது. திசை சரி, நிறங்கள்தான் கண்ணைக் குத்துகின்றன. அதைவிட, இளஞ்சிவப்பையும் செம்மஞ்சளையும் இடையே நானே வைப்பது நல்லதா? எத்தனை சதவீதத்தில் வைப்பீர்கள்?

இன்னொன்று. தேயிலைத் தோட்டங்களில் பலரிடம் பழைய கைபேசிகளே இருக்கின்றன. அவற்றின் பிரவுசர்கள் ஓகேஎல்சிஎச் வரியைத் தள்ளிவிடும். அதற்கு மேல்வரியில் சாதாரண கிரேடியன்ட் ஒன்றை எழுதிவைத்தால் போதுமா? மஞ்சள் பகுதியில் வெள்ளை எழுத்து தெரிவதேயில்லை, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 ஒளிர்வு வேறுபாடு கிடைக்க எந்த நிறம் பொருந்தும்? செய்து பார்த்தவர்கள் நிற எண்களோடு எழுதினால் பெரும் உதவி.