பின்வரிசை வீடுகள் குழு, சுங்கை சிப்புட், மலேசியா

மல்லிகா அக்கா: நாளைக்குப் புல்வெட்டுக்காரர் வருகிறார். லோங்காங் (சாக்கடை) ஓரத்துச் செடிகளுக்கும் களைமருந்து அடிக்கச் சொல்லட்டுமா? வீட்டுக்கு 5 ரிங்கிட்.

குமார்: புல்லை வெட்டட்டும் அக்கா, மருந்து வேண்டாம். ஊதாப் பூப் பூக்கும் அந்தச் செண்டுடுக் காட்டுச்செடிகளை அப்படியே விடச் சொல்லுங்கள்.

செல்வம் அண்ணன்: அது என்ன தம்பி, ரோஜாவா? பால்மரக் காட்டில் கேட்பாரற்றுக் கிடந்த செடி. பழத்தைத் தின்று நாக்கு கறுத்து, அம்மாவிடம் அடி வாங்கியதுதான் மிச்சம் 😂

குமார்: மார்க்கிசா (பேஷன் ஃபுரூட்) கொடி பூக்குது, காய்க்கவில்லை என்று புலம்புவது யார் அண்ணே? மஞ்சள் மார்க்கிசாவுக்கு வேறு கொடியின் மகரந்தம் வேண்டும். எதிர்வீட்டில் கொடி இருக்கிறது, கொண்டு வரத்தான் ஆள் இல்லை. அதற்குக் கருவண்டுதான் சரி, அந்தப் பெரிய கறுப்புத் தச்சுத்தேனீ. சாதாரணத் தேனீ சின்னது, மகரந்தம் ஒட்ட வேண்டிய சூல்முடியை அதன் முதுகு தொடாது. மார்க்கிசா மதியத்துக்கு மேல்தான் விரியும். காலையில் வண்டு எங்கே போகும்? செண்டுடுக்குக்குத்தான்.

குமார்: காலையில் போய்ப் பாருங்கள். வண்டு செண்டுடுக் பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை ‘ர்ர்ர்’ என்று அதிர வைக்கும். கேசர நுனித் துளையிலிருந்து மகரந்தம் தூளாகத் தெறிக்கும். அதில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். கத்தரிப் பூவுக்கும் இதே கதை.

சரசு: கருவண்டு என் பந்தல் கட்டையைத் துளைக்குதே லா!

குமார்: கட்டைக்குச் சாயம் பூசுங்கள் அக்கா. வேலியோரம் காய்ந்த மரத்துண்டு ஒன்றைக் கட்டி வையுங்கள், அங்கே போகும்.

கடைசி வீட்டுப் பாட்டி (பேத்தி எழுதுகிறேன்): செம்பனை (எண்ணெய்ப்பனை) பூவுக்கு நாங்கள் கையால் மகரந்த மாவு அடித்தோம். பெண்பூவைத் தேடி மரம் மரமாக நடக்க வேண்டும். 1981இல் கேமரூனிலிருந்து ஒரு குட்டி மூக்குவண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், எங்கள் வேலை போச்சு. அதற்குச் சம்பளமும் இல்லை, லீவும் இல்லை! செல்வம், வண்டு வரும்வரை உன் மார்க்கிசாவுக்கு நான் தூவித் தருகிறேன்.

செல்வம் அண்ணன்: வாங்க பாட்டி 🙏 தம்பி, என் வேலியிலும் ஒரு செண்டுடுக் வைக்கலாமா?

குமார்: பழுத்து வெடித்த காயை நசுக்கி மண்மேல் தூவுங்கள், மூட வேண்டாம். சுண்ணாம்பு போட்டுவிடாதீர்கள், அதற்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். பூ ஒரு நாள்தான் நிற்கும், ஆனால் மறுநாள் வேறு பூ இருக்கும்.

குமார்: அக்கா, புல்வெட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: பெரிய ஊதாப் பூ என்றால் விட வேண்டும். குட்டி வெள்ளைப் பூ, மயிர் மயிராக இலை என்றால் செண்டுடுக் புலு, அது வேறு செடி. அமெரிக்கப் பக்கமிருந்து வந்து காட்டையே பிடித்துக்கொண்ட செடி. அதை வேரோடு பிடுங்கலாம்.

மல்லிகா அக்கா: மெஷினைத் தூக்கினால் அவருக்குப் பூவாவது இலையாவது! விட வேண்டிய செடிக்குச் சிவப்பு ரிப்பன் கட்டு குமார். அப்புறம், மருந்து இல்லையென்றாலும் 5 ரிங்கிட் உண்டு. மூன்று வீடு இன்னும் தரவில்லை.