மறு: இனெரன்சிக்குத் தமிழ் – பிழையின்மையா, வழுவாமையா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். நம் கிறிஸ்தவ இறையியல் அகராதிக்குச் சொல் தேடும் இழையில் வந்த கேள்விகளுக்குப் பதில் இது. இனெரன்சி (inerrancy) என்றால் பைபிளில் பிழையே இல்லை என்பது. இன்ஃபாலிபிளிட்டி (infallibility) என்றால் அது தன் நோக்கத்தில் நம்மைக் கைவிடாது என்பது.

> இனெரன்சி, இன்ஃபாலிபிளிட்டி இரண்டுக்கும் 'தவறாமை' என்றே போட்டுவிடலாம். படிப்பவருக்கு வேறுபாடு தெரியப்போவதில்லை.

ஐயா, வேறு சொல்லாக இருந்தால் சரி, போகட்டும் என்று விட்டிருப்பேன். இங்கே விட முடியாது. இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் பைபிளையே முதன்மையாகக் கொள்ளும் அமெரிக்க இவாஞ்சலிக்கல் (புராட்டஸ்டண்டு) சபைகள் அரை நூற்றாண்டாக அடித்துக்கொள்கின்றன. இரண்டையும் ஒன்றாக்கினால் அந்தச் சண்டையைத் தமிழில் எழுதவே வழியிருக்காது.

கலிபோர்னியாவில் உள்ள ஃபுல்லர் இறையியல் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். பைபிள் மொத்தத்திலும் பகுதியிலும் எந்தப் பிழையும் அற்றது என்பது அதன் பழைய விசுவாச அறிக்கை. 1972இல் அதைத் திருத்தி, 'விசுவாசத்துக்கும் நடத்தைக்கும் இன்ஃபாலிபிளான ஒரே அளவுகோல்' என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். அதாவது, இரட்சிப்புக்கு வழிகாட்டுவதில் அது நம்மைக் கைவிடாது. ஆனால் வரலாறு, நிலவியல், எண்ணிக்கை எல்லாம் இம்மி பிசகாமல் இருக்கும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. அங்கே துணைத் தலைவராக இருந்த ஹரால்டு லின்ட்செல் 1976இல் இதைக் கண்டித்து ஒரு புத்தகமே எழுதினார். 1978 அக்டோபரில் சிகாகோவில் கூடிய இனெரன்சி ஆதரவாளர்கள் 19 கூறுகள் கொண்ட அறிக்கையை வெளியிட்டார்கள். அதன் 11ஆம் கூறு, இந்த இரண்டு தன்மைகளையும் வேறுபடுத்திப் பார்க்கலாம், ஆனால் பிரித்துவிட முடியாது என்கிறது. அந்த வாக்கியத்தை 'தவறாமையையும் தவறாமையையும்' என்று மொழிபெயர்த்துப் பாருங்கள்!

என் பரிந்துரை: இனெரன்சிக்குப் பிழையின்மை, இன்ஃபாலிபிளிட்டிக்கு வழுவாமை.

> அகராதியில் வழு என்றாலும் பிழைதானே?

ஆமாம் அம்மா, பெயர்ச்சொல்லாக நின்றால் அப்படித்தான். வினையாக்கிப் பாருங்கள், இரண்டும் விலகிவிடும். பிழை என்பது ஏட்டில் விரல் வைத்துக் காட்டக்கூடியது: எழுத்துப்பிழை, கணக்குப்பிழை. வழுவுதல் என்பது நெறியிலிருந்து சறுக்குவது. 'நீதி வழுவாமல்', 'கடமை வழுவாது' என்கிறோம். ஒன்று நூலில் உள்ளதைப் பற்றியது, மற்றது நூல் செய்கிற வேலையைப் பற்றியது. ஃபுல்லர்காரர்கள் சொல்ல வந்ததும் ஏறக்குறைய இதுதான். (இன்னொருவர் முன்வைத்த 'பிழையாமை' வேண்டவே வேண்டாம். 'வேதம் பிழையாது' என்றால் ஆஸ்பத்திரியில் கைவிட்ட கேஸ் போல இருக்கிறது.)

வழுவாமை என்றால் போப்பாண்டவர் நினைவு வருமே என்று ஒரு போதகர் தனிமடலில் கேட்டிருந்தார். வரட்டும். போப் தம் பதவியின் முழு அதிகாரத்தோடு விசுவாசம், ஒழுக்கம் பற்றி வரையறுத்துப் போதிக்கும்போது தவறமாட்டார் என்று 1870இல் முதல் வத்திக்கான் சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் பொதுக்கூட்டம்) வரையறுத்ததைக் கத்தோலிக்கர்கள் தமிழில் வழுவாவரம் என்கிறார்கள். ஆங்கிலத்தில் அதுவும் இதே இன்ஃபாலிபிளிட்டிதான். வரம் என்றால் அது பதவியில் இருப்பவருக்குக் கிடைத்தது. நூலுக்கு வரம் இல்லை, தன்மைதான். ஆகவே வழுவாமை.

பிழையின்மை புராட்டஸ்டண்டுகளுக்கு மட்டும் உரிய சொல்லும் அல்ல. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட இறைவெளிப்பாட்டு ஏட்டின் 11ஆம் எண், நம் மீட்புக்காகக் கடவுள் எழுதிவைக்க விரும்பிய உண்மையை மறைநூல் பிழையின்றிக் கற்பிக்கிறது என்கிறது. அந்த 'மீட்புக்காக' என்ற சொல்லை எல்லைக்கோடாக எடுத்து, மீட்பு பற்றிய உண்மைக்கு மட்டுமே பிழையின்மை என்பவர்களும் உண்டு, அப்படி எடுக்காதவர்களும் உண்டு. எனவே அகராதியில் 'முழுப் பிழையின்மை', 'வரையறுத்த பிழையின்மை' என்று இரண்டு கிளைப் பதிவுகள் தேவைப்படும்.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். 1 இராஜாக்கள் 7:23இல் சாலொமோன் வார்ப்பித்த வெண்கலக் கடல் தொட்டி வருகிறது. வட்ட வடிவம், அகலம் பத்து முழம், சுற்றளவு முப்பது முழம். பத்து முழ வட்டத்துக்குச் சுற்றளவு முப்பத்தொன்றைத் தாண்ட வேண்டும். பிழையா? சிகாகோ அறிக்கையின் 13ஆம் கூறு, இல்லை என்கிறது: முழு எண்ணாகச் சொல்வது, உயர்வு நவிற்சி, கண்ணுக்குத் தெரிகிறபடி இயற்கையை விவரிப்பது, இலக்கண ஒழுங்கின்மை இவையெல்லாம் பிழைக் கணக்கில் சேராது. இதற்கு நன்னூலிலேயே பெயர் தயாராக இருக்கிறதே! இலையில் சோறு போட்டுக் கூப்பிடும்போது, இன்னும் எழுந்திருக்காதவர் 'இதோ வந்துவிட்டேன்' என்கிறார். காலம் பிறழ்ந்ததுதான், ஆனால் விரைவு காரணமாக இலக்கணம் அதை ஏற்றுக்கொள்கிறது. வழுவமைதி. பிழையின்மைக் கொள்கைக்காரர்கள் எந்தெந்தப் பிறழ்ச்சிக்கு அமைதி கொடுக்கிறார்கள், எதற்குக் கொடுப்பதில்லை என்ற பட்டியலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. எதிர்த்தரப்பு கேட்பதும் இதைத்தான்: இத்தனை வழுவமைதி கொடுத்த பிறகு பிழையின்மை என்ற பெயர் எதற்கு? எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது. ஆனால் சொல் தேடுகிற நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

> ஆட்டோகிராஃப் (ஆசிரியர் எழுதிய மூலப் பிரதி) – கையெழுத்து?

கூடாது. அகசியா ராஜாவானபோது வயது இருபத்திரண்டு என்கிறது 2 இராஜாக்கள் 8:26. நாற்பத்திரண்டு என்கிறது 2 நாளாகமம் 22:2. அவன் தகப்பன் யோராம் முப்பத்திரண்டு வயதில் பட்டத்துக்கு வந்து எட்டு வருஷம் ஆண்டவன், அதாவது நாற்பதில் முடிந்துபோனவன். நாற்பத்திரண்டு வயது மகன் எப்படி? இங்கே வழுவமைதி செல்லாது. படியெடுத்தவர் கை தவறியது என்பார்கள். சிகாகோ அறிக்கையின் 10ஆம் கூறு அதற்குத்தான்: தேவ ஏவுதல் என்பது ஆசிரியர் எழுதிய முதல் ஏட்டுக்கே கண்டிப்பாகப் பொருந்தும், பிரதிகள் அந்த மூலத்தைக் காட்டும் அளவுக்கே தேவ வார்த்தை.

பெரியபுராணத்தில் சுந்தரர் கிழித்துப்போட்டது படியோலை. சுந்தரர் தன் அடிமை என்று ஓலை காட்டி வழக்காட வந்த கிழவர் (சிவன்) மூலவோலையைப் பத்திரமாக வைத்திருந்து திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் காட்டினார். அந்த இணையை அப்படியே எடுத்து மூலவேடு, படியேடு என்று வைத்துக்கொள்ளலாம். பைபிள் வழக்கில் மூலவேடு ஒன்றுகூட இன்று கையில் இல்லை, அதுதான் சிக்கல். படியேடுகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டுக்குச் சுவடிப் பதிப்பாளர்கள் சொல்லும் பாடபேதம் போதும்.

ரிலையபிளிட்டிக்கு நம்பகத்தன்மை, அதில் விவாதம் வேண்டாம். அதைப் பிழையின்மையோடு குழப்பாமல் இருந்தால் சரி. லூக்காவை நம்பகமான சாட்சி என்று ஏற்கும் வரலாற்றாசிரியர் பிழையின்மையை ஏற்க வேண்டிய அவசியம் இல்லை.

அத்தாரிட்டிக்கு 'அதிகாரம்' வேண்டாம், அத்தியாயம் என்று படிப்பார்கள் என்றார் ஒருவர். இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். இயேசு 'அதிகாரமுடையவராய்' போதித்தார் என்று மத்தேயு 7:29ஐ ஞாயிறுதோறும் கேட்கிற காது, புதுச்சொல்லை ஏன் ஏற்கப் போகிறது? 'வேத அதிகாரம்' என்றே இருக்கட்டும்.

மீதி இருப்பது இன்ஸ்பிரேஷன், அதாவது வேதம் கடவுளின் ஏவுதலால் எழுதப்பட்டது என்பதற்கான சொல். 2 தீமோத்தேயு 3:16க்குப் பழைய மொழிபெயர்ப்பு 'தேவ ஆவியினால் அருளப்பட்ட' என்ற வழியிலும், திருவிவிலியம் 'தூண்டுதல்' என்ற வழியிலும் போகின்றன. கிரேக்கத்தில் கடவுள், மூச்சு என்ற இரண்டும் ஒட்டிய ஒரே சொல். நான் மேலே 'ஏவுதல்' என்று எழுதியது கைக்கு வந்ததால்தான். அதற்குத் தனி இழை தொடங்குங்கள்; கிரேக்கம் தெரிந்தவர்கள் முதலில் பேசட்டும்.