பழைய கணினியை டவர் கேபினெட்டில் ஏற்றியவர்களே, இன்னும் உறுத்துகிற அந்த ஒரு நிமிடம் எது?

தூசிதட்டி:

பாதிக்கு மேல் உங்களுக்கே தெரிந்த கதை, அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அமிகா 1200, கமடோர் கம்பெனியின் பழைய வீட்டுக் கணினி, கீபோர்டுக்குள்ளேயே போர்டு இருக்கும் வகை. கெபாசிட்டர் எல்லாம் போன வருடமே மாற்றியாயிற்று (சூடு வைத்தால் வரும் அந்த மீன் நாற்றம் பற்றி யாரும் ஆரம்பிக்க வேண்டாம்). பழைய உடம்பு பழுப்பேறி, ஒரு மூலை உடைந்து கிடந்தது. காலியாக ஒரு டவர் கேபினெட் இருந்தது. போர்டை அதற்குள் ஏற்றி, ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (பிசியின் பவர் சப்ளைதான்) கரண்ட் இழுத்து, வேகம் கூட்டும் 68030 ஆக்ஸிலரேட்டர் கார்டையும் செருகினேன். கேபினெட்டை மேசையில் படுக்கப் போட்டுத்தான் எல்லா வேலையும். முதல் முறையே அமிகாவின் டெஸ்க்டாப்பான வொர்க்பெஞ்ச் வந்தது. இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன், ஒரு குறையும் இல்லை.

மூடியை மாட்டி, ஸ்க்ரூ எல்லாம் முடுக்கி, டவரை நிமிர்த்தி வைத்து ஸ்விட்சைப் போட்டேன். கோளாறு என்று சொல்லும் மஞ்சள் திரை.

படுக்க வைத்தேன், ஓடியது. நிமிர்த்தினேன், மஞ்சள். ஏழெட்டுத் தடவை இப்படியே. குழந்தையைத் தூக்கினால் அழுகையை நிறுத்தும், கீழே விட்டால் அழும் என்பார்களே, அதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தது.

கடைசியில் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, நின்ற வாக்கிலேயே டார்ச் அடித்துப் பார்த்தேன். கார்டு தன் எடையிலேயே ஒரு நூல் இறங்கியிருக்கிறது. 150 முனை கொண்ட அந்த நீளமான கனெக்டரின் ஒரு ஓரத்தில் மட்டும் தங்க நிறக் கோடுகள் நகக்கண் அளவுக்கு வெளியே எட்டிப் பார்க்கின்றன. ஆள்காட்டி விரலால் கார்டை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஸ்விட்சைப் போட்டேன். வொர்க்பெஞ்ச் வந்தது. விரலை எடுத்தேன், திரை உறைந்தது. மறுபடி விரல், மறுபடி வொர்க்பெஞ்ச். எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியாது.

இப்போது ஒரு அழிரப்பரை வெட்டி முட்டுக் கொடுத்திருக்கிறேன். ஓடுகிறது. ஆனாலும் ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் அந்த விரல் தானாக மடங்குகிறது. உங்களுக்கு என்ன நடந்தது?


ராக்கோழி:

மஞ்சளாவது வந்ததே என்று சந்தோஷப்படுங்கள். எனக்கு எதுவுமே வரவில்லை.

அடாரி 1040 எஸ்டி, அதுவும் கீபோர்டோடு ஒரே உடம்பான பழைய கணினிதான். இன்றைய கேபினெட்டில் நம் போர்டுக்கு ஒரு ஓட்டை கூடப் பொருந்தாது, தெரிந்ததுதானே. புதிதாக ஓட்டை போட்டு, நைலான் தூண் வைத்து மாட்டினேன். ஆன் செய்தால் எஸ்எம்பிஎஸ் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றது. அவ்வளவுதான். ஆஃப் செய்து ஆன் செய்தால் மறுபடி அதே அரைச் சுற்று. எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவு கட்டி வேறொன்று மாட்டினேன். அதுவும் அதே அரைச் சுற்றில் நின்றது.

போர்டைக் கழற்றித் திருப்பியபோதுதான் தெரிந்தது. கேபினெட்டில் முன்பு இருந்த மதர்போர்டுக்கான பித்தளைத் தூண் ஒன்றை நடுவில் கழற்றாமலே விட்டிருக்கிறேன். போர்டின் அடியில், பச்சைப் பூச்சு தேய்ந்து, ஒரு பட்டாணி அளவுக்கு வட்டமான தழும்பு. அதற்குள் 5 வோல்ட் கோடு பளபளவென்று தெரிகிறது. எஸ்எம்பிஎஸ் கெடவில்லை, ஷார்ட் என்று கண்டுபிடித்துத் தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருக்கிறது. அதைத்தான் நான் செத்துவிட்டது என்று தூக்கி ஓரமாக வைத்தேன்.

தூணை எடுத்ததும் ஓடியது. ஆனால் அந்தத் தழும்பு இருக்கிறதே, யாருக்கும் தெரியாத இடத்தில் இருந்தாலும் எனக்குத் தெரியும்.


பழையஇரும்பு:

கோபித்துக்கொள்ளாதீர்கள், இரண்டு பேரிடமும் ஒரே கேள்வி. எதற்கு இந்த வேலை? கீபோர்டும் போர்டும் ஒரே உடம்பில் இருப்பதுதான் அந்த மெஷினின் முகம். அதைத் தகரப் பெட்டியில் அடைத்தால் மேசைக்கு அடியில் இருக்கிற இன்னொரு பெட்டி, அவ்வளவே. உடைந்த மூலையை ஒட்டியிருக்கலாமே.

நான் இப்படிப் பேசக் காரணம் உண்டு. டவராக மாற்றிய ஒரு அமிகா 1200ஐ ஒருவரிடமிருந்து வாங்கினேன். "சில சமயம் சத்தம் வராது, மற்றபடி நன்றாக இருக்கிறது" என்றார். திறந்தேன். போர்டு ஆடுகிறது என்று நினைத்தாரோ என்னவோ, நடு போர்டில் டிரில் வைத்து ஓட்டை போட்டு ஒரு ஸ்க்ரூவை இறக்கியிருந்தார் மனிதர். ஸ்க்ரூவைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். ஓட்டை வழியாக பல்பு தெரிந்தது. ஓட்டையின் விளிம்பில் நான்கு கோடுகள் அறுந்து, மீசை மயிர் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன.

மெல்லிய வயரால் நான்கையும் இணைத்துச் சரி செய்துவிட்டேன். அவரிடம் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் டவர் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு அந்த பல்பு தெரிகிறது.


கடைசிபெஞ்ச்:

பழையஇரும்பு சார், டிரில் பிடிக்கத் தெரியாதவர் செய்ததற்கு டவர் என்ன செய்யும்?

டவர் ஒன்றும் இன்று முளைத்த கிறுக்குத்தனம் இல்லை. 1200 வந்தது 1992 அக்டோபரில். 1994 ஏப்ரலில் கமடோர் திவால். அடுத்த வருடம் எஸ்காம் என்ற கம்பெனி வாங்கியது, 1996இல் அதுவும் திவால். 1997இல் கேட்வே கம்பெனி கைக்குப் போனது. புது மெஷின் வரும் வரும் என்று உட்கார்ந்திருந்தவர்களுக்கு வந்தது என்ன? காத்திருப்புதான். கையில் இருந்த 1200க்குள் சிடி டிரைவ் வைக்க இடம் இல்லை, பெரிய ஹார்ட் டிஸ்க் வைக்க இடம் இல்லை, அதனுடன் வந்த பவர் சப்ளைக்கு அதையெல்லாம் தாங்கும் தெம்பும் இல்லை. அதனால்தான் அப்போதே டவர் கிட் என்று தனியாக விற்றார்கள், கூடுதல் கார்டுகள் செருகும் ஜோரோ ஸ்லாட் பலகையோடு. நீங்கள் அசல் என்று சொல்வது 1992இன் அசல். எனக்கு 1997இன் அசல் டவர்தான்.

என் கதை சின்னது. அந்த வருடம் டவரில் ஏற்றி, சிடி டிரைவை இணைத்து, பட்டனை அழுத்தினேன். அமிகாவின் முன்பக்கத்திலிருந்து ஒரு டிரே நாக்கை நீட்டுகிற மாதிரி வெளியே வந்தது. சிடி எதுவும் போடவில்லை. திரும்பத் திரும்பத் திறந்து மூடிக்கொண்டே இருந்தேன்.


வெட்டிஆபீசர்:

எனக்கு நடந்தது இரண்டு வரிதான். டவருக்கு மாற்றிய 1200 பெரிய கேம் ஏற்றும்போது மட்டும் ரீசெட் ஆனது. போர்டின் மேல் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 4.71 வோல்ட்.

இதைப் படிக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். முதலில், எஸ்எம்பிஎஸ் பிளக்கில் அளக்காதீர்கள், போர்டில் அளங்கள், அதுவும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது. பிளக்கில் 5.05 காட்டும், மெல்லிய வயரும் அந்தச் சதுரப் பிளக்கும் தாண்டி போர்டுக்கு வருவதற்குள் பாதி வழியிலேயே தின்றுவிடும். 1200இல் ஃப்ளாப்பிக்குக் கரண்ட் போகும் நான்கு முனைக் கனெக்டர் இருக்கிறதல்லவா, அதே எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து அது வழியாகவும் 5 வோல்ட்டை உள்ளே கொடுத்தால் இந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அப்புறம் எஸ்எம்பிஎஸ் தேர்வு. எத்தனை வாட்ஸ் என்று பார்த்து ஏமாறாதீர்கள். இன்றைய பிசி எல்லாவற்றையும் 12 வோல்ட்டில் இழுக்கிறது. நம் பழைய மெஷின் எல்லாவற்றையும் 5 வோல்ட்டில் இழுக்கிறது. பழைய பாணி மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் இரண்டையும் ஒரே கடிவாளத்தில் கட்டியிருப்பார்கள். 5இல் மட்டும் சுமை ஏறினால் 5 இறங்கும், 12 ஏறும். 12இலிருந்து தனி கன்வெர்ட்டர் வைத்து 5 எடுக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். நீல வயர் இருக்கிறதா என்றும் பாருங்கள், அது மைனஸ் 12. சத்தம் ஒழுங்காக வர அது வேண்டும்.

கேபினெட்டின் முன்பக்க பவர் பட்டனை நம்பாதீர்கள். அது அழுத்தினால் சேரும், விட்டால் பிரியும். பிசி மதர்போர்டில் அதை நினைவில் வைத்துக்கொள்ள சர்க்யூட் இருக்கிறது, நம்மிடம் இல்லை. பச்சை வயரையும் கருப்பு வயரையும் இணைக்க, போட்டால் போட்டபடியே நிற்கிற ஸ்விட்ச் வேண்டும். பின்பக்க மெயின் ஸ்விட்சை அணைக்காமல் கை வைக்காதீர்கள், ஊதா வயரில் எப்போதும் 5 வோல்ட் உயிரோடுதான் இருக்கும். தூசிதட்டி, உங்கள் மஞ்சள் திரைக்கும் வோல்டேஜ் குறைவுதான் காரணமாக இருக்கும், ரப்பர் எல்லாம் சும்மா.


தூசிதட்டி:

நண்பரே, நான் ஆலோசனை கேட்கவில்லை, அனுபவம்தான் கேட்டேன். இருந்தாலும் நீங்கள் சொன்னீர்கள் என்று போர்டில் அளந்தேன். 4.98. படுத்தாலும் 4.98, நின்றாலும் 4.98. ரப்பர்தான் தெய்வம்.


சுருட்டைவால்:

வெட்டிஆபீசர் பதிவைப் படித்தால் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்று இருந்தால் எந்தப் பழைய மெஷினும் ஓடிவிடும் என்று தோன்றும். அப்படி நம்பித்தான் நான் ஒரு வாரத்தைத் தொலைத்தேன்.

கமடோர் 64, ஆரம்ப காலத்து நீளமான போர்டு. ஏடிஎக்ஸிலிருந்து 5 வோல்ட் கொடுத்தேன். சிவப்பு விளக்கு எரிகிறது. திரை கும்மிருட்டு. திரைக்குப் படம் அனுப்பும் விஐசி சிப்பைக் கழற்றி வேறு போட்டேன், இருட்டு. பிஎல்ஏ சிப்பை மாற்றினேன், இருட்டு. ராம் சிப் ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சூடு பார்த்தேன். எல்லாம் ஜில்லென்று சாதுவாக இருந்தன.

ஏழாவது நாள் ராத்திரி, பழைய பவர் சப்ளை கட்டியை எதற்கோ நகர்த்தினேன். அடியில் ஒட்டியிருந்த லேபிள் கண்ணில் பட்டது. 5 வோல்ட் டிசி. அதற்குக் கீழே, 9 வோல்ட் ஏசி. ஏசி! இத்தனை வருடமாக அந்தக் கட்டியைத் தூக்கியிருக்கிறேன், ஒரு நாளும் படித்ததில்லை. அந்த 9 வோல்ட் ஏசியிலிருந்துதான் போர்டு தனக்கு வேண்டிய 12 வோல்ட்டையும், விஐசிக்கென்று தனியாக ஒரு 5 வோல்ட்டையும் செய்துகொள்கிறது. ஏடிஎக்ஸில் ஏசி என்பதே வெளியே வராது. நான் தலையை மட்டும் எழுப்பிவிட்டு உடம்பு ஏன் நடக்கவில்லை என்று கேட்டிருக்கிறேன்.

கேபினெட்டுக்குள்ளேயே ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைத்தேன். நீலத் திரை வந்துவிட்டது. ஆனால் ஒலிக்கான சிட் சிப் பாடும்போது பின்னால் யாரோ தம்புரா மீட்டுகிற மாதிரி ஒரு ஹம். டிரான்ஸ்ஃபார்மரை மேலே சிடி டிரைவ் அறைக்கு மாற்றியதும் பாதி குறைந்தது. மீதிப் பாதியோடு சமாதானம் செய்துகொண்டேன்.


நத்தை:

எல்லோரும் ஓடாத மெஷின் பற்றி எழுதுகிறீர்கள். என்னுடையது ஓடியது. அதுதான் பிரச்சினை.

அதே 1200தான், சின்ன வயதில் அண்ணனும் நானும் விளையாடியது. டவரில் ஏற்றினேன். ஃப்ளாப்பி டிரைவுக்குப் பதில் யுஎஸ்பியிலிருந்து படிக்கும் கோடெக், கீர் ஃப்ரேஸரின் ஃப்ளாஷ்ஃப்ளாப்பி ஃபர்ம்வேரோடு. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் சிஎஃப் மெமரி கார்டு. புது மானிட்டருக்காக 15 கிலோஹெர்ட்ஸை 31 ஆக்க ஸ்கேன்டப்ளர். 23 பின் பிளக் கிடைக்காமல், 25 பின் பிளக்கை ஹாக்ஸா பிளேடால் அறுத்து அரம் வைத்துத் தேய்த்தேன். எல்லாம் முதல் நாளே வேலை செய்தது. அண்ணனைக் கூப்பிட்டேன்.

வந்து உட்கார்ந்தார். ஆன் செய்தேன். டிஸ்கைப் போடு என்கிற படம் திரையில் வந்தாயிற்று. அவர் திரையைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, டவர் பக்கம் காதைக் கொடுத்துக் காத்திருந்தார். பத்து விநாடி இருக்கும். அப்புறம் மெதுவாக, "டேய், இது உயிரோடு இருக்கா?" என்றார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அந்த டிக். டிரைவ் காலியாக இருந்தால், டிஸ்க் வந்துவிட்டதா என்று சில விநாடிக்கு ஒரு தரம் தலையை அசைத்துப் பார்க்குமே, அந்த டிக். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு ஆன் செய்தால் அதைக் கேட்டு யாராவது எழுந்துவிடுவார்களோ என்று நாங்கள் பயந்த டிக். கோடெக்கில் தலையும் இல்லை, அசைவும் இல்லை.

கோடெக்கில் குட்டி ஸ்பீக்கர் வைத்துப் பார்த்தேன். சுவர்க் கடிகாரம் மாதிரி இருந்தது. பிசி ஃப்ளாப்பி டிரைவை மாட்டினேன், நேரடியாக ஒத்துப்போகவில்லை. அமிகா 34ஆவது பின்னில் ரெடி சிக்னலை எதிர்பார்க்கிறது, பிசி டிரைவ் அங்கே டிஸ்க் மாறிய செய்தியை அனுப்புகிறது. நம் ஆளுக்கு அந்தச் செய்தி 2ஆவது பின்னில் வேண்டும். கடைசியில் பழைய உடம்பிலிருந்த அசல் டிரைவையே கழற்றி, துடைத்து, டவரின் முன்பக்கம் மாட்டினேன். கோடெக்கைப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

அண்ணன் இன்னும் இரண்டாம் முறை வரவில்லை. நான் டிஸ்க் போடாமலே ஆன் செய்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிறேன்.


பழையஇரும்பு:

நத்தை, அசல் டிரைவைத் திரும்ப மாட்டினீர்கள் பாருங்கள், உங்களை மன்னித்தேன். தூசிதட்டி, அந்த உடைந்த உடம்பை எறிந்துவிட்டீர்களா? எறியவில்லை என்றால் எனக்குத் தாருங்கள், மூலையை நான் ஒட்டிக்கொள்கிறேன்.


தூசிதட்டி:

எறியவில்லை சார், அட்டைப்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் தருவதற்கு மனம் வரவில்லை, காரணம் கேட்காதீர்கள்.

நேற்று ராத்திரி டவருக்குள்ளிருந்து டொக்கென்று ஒரு சத்தம். ரப்பர் விழுந்துவிட்டது. மஞ்சள்.