புதுப்பிப்பு: கென்யாவில் மார்லின் மீன்பிடிப் பயணம், எந்த மாதம்?

ஜூலையில் கென்யாவின் கடற்கரை ஊரான வட்டாமு போய், ஈட்டி போன்ற மூக்குள்ள பெரிய கடல்மீனான மார்லினைப் பிடிக்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"ஜூலையில் தென்கிழக்குப் பருவக்காற்று, கடல் முரடாக இருக்கும், வடகிழக்குக் காற்று வீசும் டிசம்பர் முதல் மார்ச்சுக்குள் போங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. பிப்ரவரிக்கு மாற்றினேன். முதல் நாள் மயில்மீன் மட்டும்தான். இரண்டாம் நாள் காலை வரி மார்லின் ஒன்று மாட்டியது. நாற்பது நிமிடப் போராட்டம்! படகருகே வந்தபோது உடம்பின் நீலக் கோடுகள் பளிச்சென்று ஒளிர்ந்தன. பிறகு யாரிடமாவது சிக்கினால் இனங்காண உதவும் அடையாளச் சீட்டைக் குத்திக் கடலிலேயே விட்டுவிட்டோம். அதில் எனக்கு முழுத் திருப்தி.

எதிர்பாராதது குமட்டல். மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு போட்டேன், பலனில்லை. அடுத்த நாள் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டேன், சரியாகிவிட்டது.