லயத்து வாழ்க்கையைப் 'புத்திமுட்டு' என்று சொல்லலாமா?

தேவிகுளத்தான்:
மூணாறு பக்கம் தமிழ் பேசும்போதும் "கொஞ்சம் புத்திமுட்டுதான்" என்கிறோம். மலையாளத்திலிருந்து வந்த சொல். பஸ் வரவில்லை, மழையில் துணி காயவில்லை என்றால் சொல்லலாம். தாங்கிக்கொள்ளக்கூடிய கஷ்டம் அது. தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுதான் லயம்; ஒற்றை அறையில் ஒரு குடும்பமே கிடக்கும் அந்த லயத்துக்கும் அதே சொல்லைப் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

பாலக்காட்டுக்காரன்:
ஏற்க முடியாது. மலையாளத்தில் அது அவ்வளவு சின்னச் சொல் இல்லை. விருந்தாளி "புத்திமுட்டாயோ?" (தொந்தரவாகிவிட்டதா?) என்று கேட்பதும் அதுதான், கடனில் மூழ்கினவரின் 'சாம்பத்திக புத்திமுட்டு'ம் (பண நெருக்கடியும்) அதுதான். நம் தமிழிலேயே முட்டுப்பாடு என்று பழைய சொல் இருக்கிறதே.

தேவிகுளத்தான்:
மலையாளத்தில் சரி அண்ணா. நம் வாயில் அது குரலைத் தாழ்த்தும் சொல்லாகிவிட்டது. 2015 செப்டம்பரில் பொம்பிளை ஒருமை என்று ஒன்றுசேர்ந்த தோட்டத் தொழிலாளிப் பெண்கள் போராட்டமாக மூணாறு ரோட்டில் உட்கார்ந்தபோது நாள் கூலி 232 ரூபாய். 500 ரூபாயும் 20 சதவீத போனஸும் வேண்டும் என்று கேட்டார்கள். போனஸ் வந்தது, கூலியும் அப்புறம் 301 ஆனது. "கொஞ்சம் புத்திமுட்டு" என்று சொல்லியிருந்தால் யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?

கொழுந்துக்கூடை:
தம்பி, என் அம்மா கொழுந்து எடுத்தவர். சூப்பர்வைசரிடம் கஷ்டம் என்றால் "அழாதே" என்பார். புத்திமுட்டு என்றால் "இடைஞ்சல் இருக்கிறது, சரி பண்ணு" என்று பொருள். மானம் போகாமல் கேட்க அம்மாவுக்கு அந்தச் சொல்தான் இருந்தது.

பாலக்காட்டுக்காரன்:
அக்கா சொன்னதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை.

தேவிகுளத்தான்:
அம்மா சொன்னது அவருடைய சொல், அதை நான் தொடமாட்டேன் அக்கா. மற்றவர்கள் சொல்வதுதான் பிரச்சினை. மழைக்காலத்தில் கரண்டும் டவரும் போவதை நாம் வெறும் புத்திமுட்டாகத்தான் பேசுவோம். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடி லயங்கள்மேல் மலை சரிந்தது. 70 உயிர். கரண்டும் டவரும் இல்லாததால் வெளியே தகவல் போகவே மறுநாள் காலையாகிவிட்டது.

கொழுந்துக்கூடை:
பெட்டிமுடிக்கு அந்தச் சொல்லை எடுக்க எனக்கும் வாய் வராது. ஆனால் கூரை ஒழுகுகிறது என்று நாளைக்கு ஆபீஸில் போய் நிற்கப்போகிற பெண்ணுக்கு நீ வேறு என்ன சொல் தருவாய்?

தேவிகுளத்தான்:
"ஒழுகுகிறது, மாற்றுங்கள்." அது போதும் அக்கா.