இரவுக் காட்சிக்கு 27 வண்ணம், பாட்டிக்குக் கட்டத்துக்கொரு முகம்: எப்படிச் சரிசெய்வது?

கேள்வி (மைக்கூடு):
8 பக்கக் காமிக்ஸ், ஏ4 அளவில் அச்சுக்குப் போக வேண்டும். இரவு டீக்கடை, ஒரே குண்டு பல்பு, ஒரு பாட்டி, ஒரு பையன். கீழிருந்து பார்க்கும் கோணம் வந்தாலே பாட்டியின் மூக்கும் தாடையும் வேறு ஆளுடையதாகிவிடுகிறது. வண்ணங்களை எண்ணினேன், ஒரே பக்கத்தில் 27. கண் எங்கே நிற்பதென்றே தெரியவில்லை. சோதனை அச்சில் இரவு நீலம் ஊதாவாக வந்திருக்கிறது. எதிலிருந்து தொடங்கட்டும்?

பதில் (களிமண்கை):
முகத்திலிருந்து தொடங்குங்கள். பார்த்து வரைய எண்ணெய்க் களிமண்ணில் 8 செ.மீ. உயரத் தலை போதும். அது காயாது, மூக்கை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். முழுக்கக் களிமண்ணால் செய்தால் வெயில் காலத்தில் கழுத்து அமுங்கிவிடும். அலுமினியத் தாளை இறுகக் கசக்கி உருட்டி, கம்பியில் செருகி, அதன் மேல் 1 செ.மீ. மண் பூசுங்கள். இமை, சுருக்கமெல்லாம் வேண்டாம். புருவ மேடு, கண்குழி, மூக்கின் பக்கச் சரிவு, கன்ன எலும்பு, தாடை இவை திருத்தமாக இருந்தால் போதும். மண் பளபளத்தால் நிழலின் விளிம்பு தெரியாது. முகப்பவுடரைத் தூரிகையால் லேசாகத் தடவுங்கள்.

அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரே விளக்கு, பல்பு தொங்கும் இடத்தில். தலையைச் சுற்றி 30 டிகிரிக்கு ஒரு படம், மூன்று உயரங்களில்: மொத்தம் 36. போனை ஒரு சாணில் வைத்து எடுத்தால் மூக்கு பெருத்துக் காது மறையும். 1 மீட்டர் தள்ளி நின்று பெரிதாக்கி எடுங்கள். படத்தின் மேல் அப்படியே கோடு இழுக்காதீர்கள், பாட்டி பொம்மையாகிவிடுவார். நிழலின் வடிவத்தை மட்டும் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்கும் ஒரு மாதிரி, அட்டைப்பெட்டியில், 1:10 அளவு. 45 செ.மீ. பெஞ்சு 4.5 செ.மீ. ஆகும்.

பதில் (நாலுமை):
பழைய அமெரிக்கக் காமிக்ஸ் அச்சில் சயான் (பச்சை சாய்ந்த நீல மை), மெஜந்தா (ஊதா சாய்ந்த சிவப்பு மை), மஞ்சள் ஒவ்வொன்றும் 0, 25, 50, 100 சதவீதம்தான். அதில் கிடைத்ததே 64 வண்ணம், காகித வெள்ளையையும் சேர்த்து. உங்கள் காட்சிக்கு ஐந்து போதும்: கரு நீலம், நடு நீலம், மங்கிய சாம்பல், பல்பு ஆரஞ்சு, வெளிர் மஞ்சள்.

முதலில் பக்கம் முழுவதையும் மூன்றே சாம்பல் படிகளில் (வெளிர், நடு, அடர்) நிரப்புங்கள். பாட்டி பின்சுவரோடு கலந்துவிட்டால் வண்ணத்தைத் தேடாதீர்கள், படியை மாற்றுங்கள். பிறகுதான் வண்ணம். சிவப்புப் புடவை சிவப்பாகவே இருக்க வேண்டியதில்லை: வெளிச்சத்தில் ஆரஞ்சு, நிழலில் கரு நீலம். ஆரஞ்சுக்குப் பக்கத்தில் வெறும் சாம்பலை வைத்துப் பாருங்கள், கண்ணுக்கு அது நீலமாகத் தெரியும். பிஸ்கட் டின்னுக்காக ஆறாவது வண்ணத்தைச் சேர்ப்பதில்தான் 27-க்கான பாதை தொடங்குகிறது.

ஊதா வந்ததற்குக் காரணம் மெஜந்தா சயானை நெருங்கியதுதான். சயான் 100 என்றால் மெஜந்தா 60-ஐத் தாண்ட வேண்டாம். இருட்டுக்குக் கறுப்பு 20 சேருங்கள். கோடு மட்டும் தனிக் கறுப்பு 100, மற்ற மைகளின் மேல் அச்சாகும்படி. நான்கு மையும் சேர்ந்த கோடு என்றால், அச்சு இம்மி நகர்ந்தாலும் ஓரத்தில் வண்ண நிழல் விழும். கோட்டுக்கு அடியில் வண்ணத்தை இரண்டு பிக்சல் உள்ளே விடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளை இடைவெளி எட்டிப்பார்க்கும்.

மைக்கூடு:
6-ஆம் பக்கத்தில் விடிந்துவிடுகிறது. புடவை நிறம் மாறினால் பாட்டியை அடையாளம் தெரியுமா?

நாலுமை:
தெரியும், அடையாளத்தை நிறத்திடம் விடாவிட்டால். புடவைக் கரையைத் தடித்த கறுப்புப் பட்டையாக்கி, எல்லாக் கட்டத்திலும் வையுங்கள். விடியலுக்குப் புது ஐந்து எடுங்கள். அந்த வெளிர் மஞ்சளை மட்டும் இரவிலிருந்து கொண்டுவாருங்கள்.

களிமண்கை:
விளக்கையும் இடம் மாற்றுங்கள். காலை வெயில் பக்கவாட்டில் வரும், மூக்கின் நிழல் கன்னத்தில் விழும். அதற்கு ஒரு 12 படம் தனியாக எடுக்க வேண்டும்.